பையில் கிடைத்தது பைக்கே

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். ரயிலில் தூங்க முடிந்ததா? முழங்கால் வலி தேவலையா? மகளும் மாப்பிள்ளையும் சுகமா?

போன் செய்யலாம்தான். ஆனால் கடை போன் கவுண்டரிலேயே இருப்பதால், நான் பேச ஆரம்பித்தால் துணி வாங்க வந்தவர்கள்கூடக் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். வீட்டு போன் என் மனைவி வசம். அது என் கைக்கு வர ஜென்மம் ஆகும். எனவே கடிதம்.

கடையைப் பற்றி நீங்கள் கவலையே படக் கூடாது. நீங்களும் அண்ணாவும் ஒரே ஒரு மிஷினை வைத்து ஆரம்பித்த சலவைக்கடை இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்தால் அசந்துபோவீர்கள். அண்ணா போன இந்த இரண்டு வருஷமாகச் செய்ய நினைத்ததையெல்லாம் நீங்கள் ஊருக்குப் போன கையோடு முடித்துவிட்டேன். சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. முன்கதவுக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. பழையது ஈரம் பட்டால் மக்கர் பண்ணும், உங்களுக்குத் தெரியாததா? இனிமேல் நீங்கள் பொழுது விடிவதற்குள் ஓடி வந்து கதவைத் திறக்க வேண்டியதில்லை. நானும் என் மகனும் மாறி மாறித் திறந்துகொள்கிறோம். அவன் டை கட்டிக்கொண்டு வேலைக்கு வந்த அன்றிலிருந்து, நம் இஸ்திரிக்காரர் அவனை ‘மேனேஜர்’ என்றுதான் கூப்பிடுகிறார். அவருக்கு ‘நீராவி’ என்று நாம் பெயர் வைத்தோம் அல்லவா, பழி தீர்த்துக்கொண்டார்.

இன்னொரு விஷயம். கவுண்டரில் ஒரு கண்ணாடிப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். துணிகளின் பைகளில் கிடைக்கிற பொருள்களை அதில் வரிசையாக அடுக்கி, ‘உங்கள் பொருள் எங்களிடம் பத்திரம்’ என்று எழுதிப் போட்டிருக்கிறேன். உள்ளே வருகிறவர்களுக்கு நம் நாணயம் முதலில் கண்ணில் படட்டும். எப்படி என் யோசனை?

ஒரு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எடுத்துப் போனதோ பெரிய பெட்டி. எப்போது திரும்புகிறீர்கள்?

உங்கள் அன்புத் தம்பி

•

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணியின் ஆசிகள். நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். உன் மனைவிக்கு இருமல் நின்றதா? வெந்நீர் குடிக்கச் சொல், நீ போட்டுக் கொடு.

இங்கே மகள் வீட்டில் எல்லாம் மிஷின்தான் செய்கிறது. போன வாரம் மாப்பிள்ளையின் சட்டைப் பையில் இருந்த டிஷ்யூ பேப்பரோடு துணியைப் போட்டுவிட்டாள். எடுத்தபோது வீட்டுத் துணி மொத்தத்திலும் வெள்ளைத் துகள். அதிலிருந்து துவைக்கிற துணியையெல்லாம் நான்தான் முதலில் பார்க்கிறேன். “அம்மா, இங்க வந்துமா பையைத் துழாவற? கொஞ்சம் உக்காரேன்” என்கிறாள். ஜன்னலோரம் நல்ல நாற்காலியாகப் போட்டும் கொடுத்தாள். அதில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் கோட்டுகளை மனசுக்குள்ளேயே பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்றாவது வீட்டுக்காரரின் காலர் கறை கண்ணை உறுத்துகிறது. கூப்பிட்டுச் சொல்லவா முடியும்?

வெள்ளை அடித்தது சந்தோஷம். நீராவியை மருந்துக்கடைக்குப் போய்க் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கச் சொல். மறந்துவிடுவார்.

புதுப் பூட்டு சிக்காமல் திறக்கிறதா?

அன்புடன்,
அண்ணி

•

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். இருமல் நின்றது. வெந்நீர் நான்தான் போட்டேன், அதற்கு வீட்டில் இன்னும் சாட்சி தேடுகிறார்கள். பூட்டு வெண்ணெயாகத் திறக்கிறது.

ஆனால் கடையில் என்னவோ சரியில்லை. என்ன என்றுதான் பிடிபடவில்லை. குளிர் முடிந்து எல்லோரும் கம்பளியையும் கோட்டையும் சலவைக்குப் போடுகிற காலம் இது. வழக்கமாக ஹேங்கர் மாட்ட இடம் இருக்காது. இந்தத் தடவை கம்பியில் பாதி காலி. பல் டாக்டர் போன வாரம் வந்தார். பத்து வருஷமாக நம்மிடம் வருகிறவர். தம் கோட்டுகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, நேரே எதிர்த்தெருச் சலவைக்கடைக்குப் போனார். வயலின் டீச்சர் சாம்பல் நிறக் கோட்டை வாங்க வந்தவர், கவுண்டர் வரை வந்து நின்றார், அப்படியே திரும்பிப் போய்விட்டார். கோட்டு இன்னும் இங்கேதான் தொங்குகிறது. வங்கிக்காரர் வருவதே இல்லை.

சோப்பை மாற்றிப் பார்த்தேன். கஞ்சியைக் குறைத்தேன். விசிறியின் சத்தம் காரணமோ என்று அதற்கும் எண்ணெய் விட்டேன். நீராவியிடம் கேட்டால், “அம்மா இருந்தாங்கன்னா...” என்று இழுத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியை உஸ் என்று அழுத்தி ஆவிக்குள் மறைந்துகொள்கிறார்.

இங்கே கடையில், துணி பிரிக்கிற மேசையருகே உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பைகளைத் துழாவிக்கொண்டிருப்பீர்கள். பேனா மை கசியாமல் இருக்கத்தான் பார்க்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். வேறு ஏதாவது செய்தீர்களா, அண்ணி?

உங்கள் தம்பி

•

ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். பதில் தாமதமாகிவிட்டது. மகள் வீட்டில் அலமாரி அடுக்கினோம்.

உன் கண்ணாடிப் பெட்டியில் என்னென்ன இருக்கிறது? எது எந்தத் துணியில் கிடைத்தது? யார் யாரிடம் என்ன சொன்னாய்? ஒன்றையும் விடாமல் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

•

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த மாதிரி இருந்தது. வீட்டில் அனைவரும் நலம். கேட்டபடி ஒப்புவிக்கிறேன்.

பல் டாக்டரின் கோட்டில் ஒற்றைத் தோடு, பச்சைக் கல் வைத்தது. அவர் மனைவி கடைக்கு வந்தபோது நானே கூப்பிட்டு, “உங்க தோடு பத்திரமா இருக்குங்க, கவலையே படாதீங்க” என்று எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அழகா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனார். நன்றிகூடச் சொல்லவில்லை.

வங்கிக்காரரின் கோட்டில் பாதி தின்ற சாக்லேட், கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றி வைத்தது. அவர் தம் மனைவியோடு வந்திருந்தார். “சார், உங்க சாக்லேட்!” என்றேன். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பது அந்த அம்மா பேசிய பேச்சில்தான் எனக்கே தெரிந்தது.

அப்புறம் வயலின் டீச்சரின் சாம்பல் கோட்டில், இடது பக்க உள்பையில், ஒரு குழந்தை சாக்ஸ். மஞ்சள் நிறம், என் கட்டைவிரலுக்குத்தான் சரியாக இருக்கும். அவருக்குக் குழந்தை குட்டி கிடையாதே, வேறு யாருடையதோ கலந்துவிட்டது என்று நினைத்து, ‘குழந்தை சாக்ஸ், ஒன்று’ என்று சீட்டு எழுதிப் பெட்டியில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தேன். அவர் அதைத்தான் பார்த்தாரோ என்னவோ.

நேற்று மேனேஜர் ஒரு கேள்வி கேட்டான். “பெரியம்மா இருந்தப்பவும் பையில இதெல்லாம் கிடைச்சிருக்குமில்ல? அதெல்லாம் எங்க போச்சுப்பா?” இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தோடுகூட நான் பார்த்ததில்லை. எங்கே போயின?

உங்கள் தம்பி

•

மே 4

தம்பி,

நலம் விசாரிக்கவெல்லாம் நேரமில்லை. இந்தக் கடிதத்தைப் படித்த உடனே அந்த சாக்ஸைப் பெட்டியிலிருந்து எடு. சீட்டைக் கிழித்துப் போடு.

நான் துணி பிரிக்கிற மேசையின் கடைசி இழுப்பறையில், லைனிங் துணியைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறேன். பட்டன் துடைக்க என்று நீங்கள் எல்லோரும் நினைத்திருப்பீர்கள். அதில் ஒன்றை எடுத்து, சாக்ஸை அதற்குள் வைத்து முடிந்து, அந்தக் கோட்டின் இடது உள்பையிலேயே வைத்து ஊக்கு குத்து. வெளியே தெரியக் கூடாது. நீராவி கையில் கொடுத்து டீச்சர் வீட்டுக்கு அனுப்பு. அவர் ஒன்றும் பேச மாட்டார். அதனால்தான் அவரை அனுப்பச் சொல்கிறேன், நீ போகாதே.

எங்கே போயின என்று கேட்டிருந்தாய். எங்கும் போகவில்லை. பையில் கிடைத்தது பைக்கே. எந்தப் பையில் இருந்ததோ அதிலேயே முடிந்து வைத்துவிடுவேன். வாயைத் திறக்க மாட்டேன். மனிதர்கள் நம்மிடம் அழுக்கைத்தான் கொடுக்கிறார்கள், கூடவே மறந்துபோய் வேறு சிலதையும் கொடுத்துவிடுகிறார்கள். அழுக்கை எடுத்துவிட்டு மற்றதை அப்படியே திருப்பிக் கொடுப்பதுதான் நம் தொழில் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை யாருக்கும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அது வேறு மாதிரி ஆகியிருக்கும். இஸ்திரி முடிந்த பிறகுதான் ஊக்கு குத்துவேன் என்பதால் நீராவிக்கு மட்டும் தெரியும்.

டீச்சரின் சாக்ஸ் யாருடையது என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கோட்டு வரும், அதோடு அதுவும் வரும். தெரிந்தேதான் அனுப்புகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. யாராவது ஒருவர் அதைத் தொட்டு, பத்திரமாகத் திருப்பி வைக்க வேண்டும் என்று இருந்திருக்கலாம்.

தோட்டை அந்த அம்மா கையிலேயே கொடுத்தாயே, மகானுபாவா. உன்னைச் சொல்லி என்ன, உனக்கு நல்ல மனசு. நல்ல மனசை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அண்ணி

•

மே 25

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நலத்தை முதலில் எழுதுங்கள். போன கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சொன்னபடியே செய்தேன். ஊக்கு குத்தத் தெரியாமல் நாலு தடவை விரலில் குத்திக்கொண்டேன். நீராவி கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நாலைந்து நாள் கழித்து டீச்சரே வந்தார். அதே சாம்பல் கோட்டுதான் போட்டிருந்தார், இந்த வெயிலில். இடது கையைக் கோட்டுக்குள் வைத்தபடியே நின்றார். கழுத்துத் துண்டையும் இரண்டு சட்டைகளையும் கவுண்டரில் வைத்தார். போகும்போது, “அவங்க எப்ப வருவாங்க?” என்று கேட்டார். சீக்கிரம் வந்துவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லிவிட்டேனா, அண்ணி?

கண்ணாடிப் பெட்டியை எடுத்தாயிற்று. அதில் இப்போது நீராவியின் சாப்பாட்டு டப்பா இருக்கிறது. வங்கிக்காரர் நேற்று வந்தார், தனியாக. அவர் பையில் மறுபடியும் சாக்லேட். அதை முடிந்து வைக்கும்போது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, ஆனால் வாயைத் திறக்கவில்லை. பல் டாக்டர் இன்னும் எதிர்த்தெருவில்தான். அந்தத் தோடு யாருடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பழகுவது கஷ்டமாக இருக்கிறது.

பாதிக் கம்பி இன்னும் காலிதான். போனவர்கள் எல்லாம் வருவார்களா என்று தெரியவில்லை. நீங்கள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வருவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு பயம் பிடித்து ஆட்டுகிறது. என் துணிகளும் இத்தனை வருஷமாக உங்கள் கை வழியாகத்தானே போயின? என் பையில் என்னவெல்லாம் பார்த்தீர்கள்? எப்போது வருகிறீர்கள்?

உங்கள் தம்பி

•

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நடக்கிறேன், சாப்பிடுகிறேன், ஜன்னலோரம் உட்காருகிறேன். மகள் என்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறாள். தாங்கித் தாங்கியே ஒரு வேலையும் செய்ய விடாமல் வைத்திருக்கிறாள். அன்பில் இப்படியும் ஒரு வகை இருக்கிறது போல.

டீச்சர் வந்ததைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தையே வைத்துக்கொண்டிருந்தேன். நன்றி.

உன் பையில் என்ன பார்த்தேன் என்று கேட்டாய். நான் கல்யாணமாகி வந்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு. டவுசர் பையில் பரீட்சைக்கு முந்தின நாள் சினிமா டிக்கெட். உன் அண்ணாவிடம் நான் சொல்லவில்லை, நீ தேறவும் இல்லை. பிறகு கொஞ்ச காலம் சிகரெட் தூள். பிறகு ஒரு நீல ரிப்பன், மாதக்கணக்கில் சட்டைக்குச் சட்டை மாறிக்கொண்டே இருந்தது. அந்த ரிப்பன்காரியையே நீ கட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது. வேறு ஒருத்தியாக இருந்திருந்தால் அவள் முகத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன்?

கடைசியாகக் கிடைத்ததைப் பற்றிச் சொல்ல மாட்டேன். பையில் கிடைத்தது பைக்கே. அதில் உனக்கு மட்டும் விதிவிலக்கு உண்டா?

எப்போது வருவேன் என்று கேட்டிருந்தாய். மகளும் இருக்கச் சொல்கிறாள். பார்க்கலாம்.

மேனேஜருக்கு என் அன்பு. நல்ல கேள்வி கேட்கிறவன் பிழைத்துக்கொள்வான்.

அண்ணி

•

ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

‘கடைசியாகக் கிடைத்தது’ என்று எழுதியிருந்தீர்கள். சாப்பிடும்போதும் அதே நினைப்பு. என்ன கிடைத்திருக்கும்? தப்புத்தண்டா எதுவும் நான் செய்யவில்லையே என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். என் மனைவிக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. “அக்கா என்னதான் பாத்தாங்க, சொல்லிடுங்க” என்கிறாள். எனக்கே தெரியாததை என்னவென்று சொல்ல?

நேற்று நல்ல மழை. அலமாரியிலிருந்து பழுப்பு ஜாக்கெட்டை எடுத்தேன். பிப்ரவரியில் நீங்கள் சலவை செய்து கொடுத்தது, ஒரு நாள் போட்டுவிட்டு மாட்டியது. உள்பையில் கையை விட்டேன். ஊக்கு குத்தியது. உங்கள் லைனிங் துணி, பிரித்தது பிரித்தபடி அந்த ஊக்கிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. புதுப் பூட்டு வாங்கிச் சாவிகளை அந்த ஜாக்கெட்டில் வைத்திருந்தேன். அப்படியே சலவைக்குப் போட்டுவிட்டேன். திரும்பி வந்ததும் முடிச்சைப் பிரித்துச் சாவியை எடுத்துக்கொண்டேன். யார் முடிந்தது, ஏன் முடிந்தது என்று யோசிக்கவே இல்லை. கடைப் பெயர் போட்ட வளையம். ஒரு சாவியில் என் பெயர் எழுதிய அட்டை. இன்னொன்றில் மேனேஜர் பெயர். வளையத்தில் வேறு சாவி இல்லை.

அடுத்த நாள் நீங்கள், “ஒரு வாரம் மக வீட்டுக்குப் போயிட்டு வரேன்பா” என்றீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நிம்மதியா போயிட்டு வாங்க அண்ணி, கடையை நாங்க பாத்துக்கறோம்.” சிரித்துக்கொண்டே சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள்.

இருபத்தெட்டு வருஷம் அந்தக் கதவைத் திறந்தது நீங்கள். அண்ணா போன மறுவாரமும் நீங்கள்தான் திறந்தீர்கள். உங்களுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நினைத்தேனே தவிர, ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்களுக்கு எப்படி வலித்திருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. வலித்ததுதானே, அண்ணி? என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே?

கடையில் நீங்கள் மாட்டிக்கொள்கிற நீல மேல்கோட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். மேனேஜர் துவைத்தான், நீராவி இஸ்திரி போட்டார். பார்சலில் அனுப்புகிறேன். வேறொன்றும் எழுதுவதற்கு இல்லை.

உங்கள் தம்பி

•

ஜூலை 11

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணியின் ஆசிகள். நான் சுகம், முழங்காலும் இன்றைக்கு என் பேச்சைக் கேட்கிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடு. சோறு இறங்கவில்லை என்றெல்லாம் கேட்க எனக்குப் பிடிக்காது.

ஆமாம், வலித்தது. அந்தச் சாவிகளைக் கையில் வைத்து எண்ணினேன். வளையத்தைத் திருப்பி இன்னொரு தடவை எண்ணினேன். இரண்டை எப்படி எண்ணினாலும் இரண்டுதான். அதை முடிந்து உன் பையில் வைத்து ஊக்கு குத்தும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக, ‘பையில் கிடைத்தது பைக்கே’ என்று நானே வைத்துக்கொண்ட விதிமேல் எனக்கே கோபம் வந்தது. வேறு யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. நீ கேட்பாய் என்று ஒரு வாரம் காத்திருக்கலாம் என்றுதான் கிளம்பினேன். வாரம் நீண்டுவிட்டது.

பார்சல் வந்தது. மேனேஜர் காலரை இன்னும் தேய்த்திருக்க வேண்டும். கஞ்சி அதிகம், கோட்டு தானாகவே எழுந்து நிற்கிறது. உனக்கு முடிச்சு போடத் தெரியவில்லை, ஊக்கையும் தலைகீழாகக் குத்தியிருக்கிறாய். பையில் கையை விட்டதும் சுருக்கென்று ஏறி, இரண்டு சொட்டு ரத்தம். மகள் பயந்துபோய், “என்னம்மா அது, பையில என்ன இருக்கு?” என்றாள். நான் சொல்லவில்லை. உனக்கும் சொல்லப் போவதில்லை.

மகள் கோபித்துக்கொண்டு, பிறகு ரயிலுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்கச் சம்மதித்துவிட்டாள். பெரிய பெட்டி பின்னால் பார்சலில் வரட்டும், நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டே வருகிறேன். வியாழன் இரவு வந்து சேர்ந்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை காலை யாரும் அவசரப்பட்டு எழுந்து ஓடிவர வேண்டாம். நிதானமாகக் குளித்துவிட்டு வாருங்கள். கடையை நானே திறந்துகொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணி